இன்னும் டொக்டர் இல்லை

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் ‘ஏற்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். நானோ அன்று மத்தியானம் கேரம் டவுன்ஸ் கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

மெல்பேர்னில் பயோமெடிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிறுநீரகப் பாடம் என் புள்ளிகளைக் கவிழ்த்துவிட்டது. ஐந்து மணி நேரத் தூரத்திலுள்ள ஒரு சின்னப் பல்கலைக்கழகம் என்னை மாறி வரச் சொல்லி இடம் தந்திருந்தது. தங்கள் மாணவர்களுக்கென்று மருத்துவத்தில் சில இடங்களை ஒதுக்குகிறார்களாம். ஆனால் ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகும் நிச்சயமில்லை. மூன்று வாரமாகக் காலையில் போவேன் என்பேன், சாப்பிட்டு முடிவதற்குள் போகமாட்டேன் என்பேன். என்மேலேயே எனக்கு எரிச்சல்.

இதற்குள் அம்மாவின் கூத்து வேறு. மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் மாறிப்போனால் ஏன் என்று கேட்பார்கள், குட்டு வெளிப்படும். அம்மாவுக்காக இருந்துவிடலாமா, அன்ரிமாரிடமிருந்து தப்பி ஓடிவிடலாமா என்று மண்டை காய்ந்தது.

அம்மாவின் சிநேகிதி தாட்சாயினி அன்ரி பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இது எனக்குப் புதிதல்ல. கோயிலில் பிரசாதத்தோடு கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டும் வரும். எண்ணெயைக் குறைக்கச் சொல்லித் தப்பிவிடுவேன்.

“அங்கிளின்ர பிளட் டெஸ்ட். ஒருக்காப் பாரும் பிள்ளை.”

கிரியாட்டினின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு. அதே பாழாய்ப்போன சிறுநீரகப் பாடம். எண் மிக அதிகம் என்பது மட்டும் தெரிந்தது. தாளிலிருந்த திகதி ஒரு வாரத்துக்கு முந்தியது.

“ஜீபி என்ன சொன்னவர், அன்ரி?” என்று அவர்களின் குடும்ப டொக்டரைப் பற்றிக் கேட்டேன்.

“உடன வரச்சொல்லி மெசேஜ் போட்டவை. நீர் இருக்கிறீர்தானே, உமக்குக் காட்டிப்போட்டுப் போவம் எண்டு வச்சிருந்தனான்.”

தாளை அன்ரியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“நான் டொக்டருக்குப் படிக்கேல்லை, அன்ரி. இன்னும் இடமே கிடைக்கேல்லை. இப்பவே ஜீபிக்குப் போன் பண்ணுங்கோ. பிளீஸ்.”

எதிரே இருந்த அம்மாவின் கையில் மோர்க் கோப்பை அப்படியே நின்றது. அன்ரி அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு சாப்பாட்டை விட்டுவிட்டு போனோடு வெளியே போனார்.

அம்மா காரோட்ட, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

“சொல்ல முன்னம் என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்” என்றார் அம்மா, ரோட்டைப் பார்த்தபடி.

“நீங்கள் சொல்லேக்கை என்னைக் கேட்டனீங்களா?”

போவதற்கான காரணத்தில் பாதியும் இருப்பதற்கான காரணத்தில் பாதியும் குட்டு வெளிப்பட்டதோடு கோயிலிலேயே கழன்றுபோயிருந்தன. குழப்பம் குறைந்திருக்க வேண்டும், ஆனால் கூடிவிட்டது. எனக்கு உண்மையிலேயே டொக்டராக வேண்டுமா என்ற கேள்விதான் மிச்சம், அதற்கும் பதில் தெரியவில்லை.

காரின் ஸ்பீக்கரில் தாட்சாயினி அன்ரியின் குரல் வந்தது.

“அங்கிளை இப்பவே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோகட்டாம். வெளிக்கிடுறம். பிள்ளை, நீர் டொக்டர் இல்லை எண்டு சொன்னபடியால்தான் நான் போன் எடுத்தனான்.”

அம்மா காரை ஓரமாக நிறுத்தினார். வேறொரு நாளென்றால் அங்கிளுக்கும் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருப்பேன். நினைக்கவே பயமாக இருந்தது. அந்த எண் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், புள்ளிக்காக இல்லை. போனை எடுத்து ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினேன்.

“ஒரு வருசம் கூடுதலா எடுக்கும், அம்மா. பிறகும் கிடைக்காமல் போகலாம்.”

அம்மா கண்ணைத் துடைத்தார்.

“எடுக்கட்டும். ஆர் கேட்டாலும், இன்னும் டொக்டர் இல்லை எண்டு நானே சொல்லுறன்.”