ஒரு மணி நேரம் பம்பு நிற்கட்டும்

விடிந்தும் விடியாத வேளையில் சபாபதி பம்பின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டான். முகம் வெந்தது. அம்பாங் ஊர்ப் பனி முதுகை நனைத்தது. லம்பம் என்ற அந்த ஈயச் சுரங்கத்தின் நூறடிப் பள்ளத்தில், அவன் மனைவி வீரம்மாவோடு முப்பது பேர் ஈயமண் சுமந்து ஏறினார்கள்.

பள்ளத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள் தண்ணீர். அது தரையைப் பிளந்துகொண்டு வராமலிருக்கத்தான் பாறைவரை குழாய் இறக்கி இறைத்தார்கள். குழாயின் தலையில் அழுத்தம் காட்டும் முள். பம்பு ஓடும்போது அது பத்தில் கிடக்கும். அந்தப் பத்தைத்தான் முதலாளி பழனியப்பன் ஏட்டில் எழுதிக்கொள்வார். கஞ்சி குடித்தவனிடம் பசி விசாரித்த கதைதான்.

தினமும் காலையில் எண்ணெய் போடக் கால்மணி நேரம் பம்பு நிற்கும். அப்போது முள் ஏறும். போன மாதம்வரை இருபதில் நின்றுவிடும். அடியில் இருப்பது கொஞ்சத் தண்ணீர்தான் என்று அர்த்தம். மழைக்குப் பின் அது நிற்கவில்லை. இன்று நாற்பதைத் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பழைய லம்பம் ஏரியாய்த் தேங்கிக் கிடந்தது. அந்தத் தண்ணீர் பாறை வழியே இங்கே வந்து அழுத்துகிறது என்று சபாபதிக்குப் புரிந்தது. முதலாளியிடம் ஓடினான்.

"மொதலாளி, ஆளுங்கள மேல ஏத்திட்டு ஒரு மணி நேரம் பம்ப நிப்பாட்டிப் பாக்கணும். முள்ளு எங்க போயி நிக்குதுன்னு பாத்தாத்தான் கீழ எவ்வளவு தண்ணி இருக்குன்னு தெரியும்."

"பத்துதானே காட்டுது?"

"அது நாம எறைக்கிறதால காட்டுற பத்து."

"நீ என்ன இஞ்சினியரா? கரி அள்ளுறவன் கரிய அள்ளு. புடிக்கலேன்னா சட்டிபானையத் தூக்கிக்கிட்டு லயத்தக் காலி பண்ணு."

ஏழை சொல் அம்பலம் ஏறாது. முதலாளி கொடுத்த குடியிருப்பான லயத்தை விட்டால், செமினிப் பக்கம் போனாலும் யார் அவனைச் சேர்ப்பார்கள்? வீரம்மாவின் காலுக்கடியில் என்ன இருக்கிறதென்று தெரிந்தும் கரியை அள்ளினான். தன்மீதே அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் பள்ளத்து மூலையில் தரை இளகியது. மண் வெட்டிய தங்கமணி இடுப்புவரை புதைந்தாள். கயிறு போட்டு இழுத்தார்கள், கால் முறிந்திருந்தது.

"மழைத் தண்ணி," என்றார் முதலாளி.

"மழைத் தண்ணி மேலேருந்துல்ல வரும்?" என்றாள் வீரம்மா. "இது அடியிலேருந்து வந்துச்சு."

சாயங்காலம் லயத்தில் சபாபதி முள்ளைப் பற்றிச் சொன்னான். எல்லோரும் கேட்டார்கள்.

"மூணு நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள் வீரம்மா.

மறுநாள் விடியலில் ஒருவரும் பள்ளத்தில் இறங்கவில்லை. சபாபதி பம்பை நிறுத்தினான்.

"ஓட்டுடா," என்றார் பழனியப்பன். "இல்லேன்னா இன்னிக்கே லயம் காலி."

"ஒரு மணி நேரம் ஆவட்டும், மொதலாளி," என்றான் சபாபதி.

"யார் யார் எறங்கல? பேரச் சொல்லு."

"எல்லாரும்தான்," என்றாள் வீரம்மா. "எழுதிக்குங்க."

அவர் போலீசுக்கு ஆளனுப்பினார். முள்ளை ஒருமுறை பார்த்தார்; பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். இன்றிரவு எங்கே படுப்பதென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் நகரவில்லை.

"அம்பது," என்று உரக்கப் படித்தான் சபாபதி. முன்னால் நின்றவர்கள் அதைப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். லயத்து வாசலில் கட்டுப்போட்ட காலோடு கிடந்த தங்கமணிவரை அது போய்ச் சேர்ந்தது.

"இப்ப எவ்வளவு?" என்று அங்கிருந்து அவள் கேட்டாள்.