மழையில்லாத பிரிவு

அஸ்வினி தனியாக எழுதிய முதல் காட்சி அது. அதுவரை தொலைக்காட்சித் தொடரின் மூத்த எழுத்தாளர் அய்யாதுரை சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். இந்த ஒன்றை மட்டும், "நீயே எழுதிப் பாரேன்" என்று அவர் விட்டுவிட்டார். கணவன் வீட்டைவிட்டுப் போகிறான். மனைவி மொட்டை மாடியில், கொட்டும் மழையில் நிற்கிறாள்.

மழையை அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். அது கண்ணீரை மறைக்கும். மறைத்துக்கொண்டே ஊரே சேர்ந்து அழுவதுபோல் காட்டும். வசனம் கூடத் தேவையில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் படப்பிடிப்புக்காக வாடகைக்கு எடுத்த வீடு. மழைக்கான தண்ணீர் லாரி வாசலில் நின்றது. மாடிக்கு வந்த இயக்குநர் ஷரஃபுதீன், தரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மாடி முழுக்க வேட்டி விரித்து வடாம் பிழிந்திருந்தது. கதைப்படி அன்று காலையில்தான் மாமியார் பிழிந்தாள். அந்தக் காட்சியைப் படம் பிடித்தும் ஆயிற்று.

மாமியாராக நடிக்கும் சொர்ணம் வாய்விட்டுச் சிரித்தார். "மழை வந்தா மொதல்ல வடாமைத்தான் எடுப்போம். புருஷனெல்லாம் அப்புறம். இவ மரம் மாதிரி நின்னா, 'எடுடீ'ன்னு வீட்டுக்கு வீடு கத்துவாங்க."

"கரீட்டும்மா," என்றார் விளக்குப் பொறுப்பாளர் முனியன். "எங்கூட்ல துணி காஞ்சுக்கினு இருந்தாலே அப்டித்தான்."

அஸ்வினிக்கு முகம் சுருங்கியது. மழை சரி, மாடியும் சரி. சேர்த்து வைத்தால் அழுகை சிரிப்பாகிவிடுகிறது.

"காலைல எடுத்ததை மாத்த முடியாது. அய்யாதுரை சாருக்குப் போன் போட்டு மாத்தி எழுதச் சொல்லட்டுமாம்மா?" என்று ஷரஃபுதீன் போனைக் கையில் எடுத்தார்.

"கொஞ்ச நேரம் குடுங்க சார்."

படிக்கட்டு நிழலில் நின்று மாடியை மறுபடி பார்த்தாள். மே மாத வெயில். வடாம் மேல் மண் படாமலிருக்க எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். தட்டையான சுட்ட ஓடு பதித்த தரை தோசைக்கல்லாய்க் கொதித்தது. ஒருவர்கூட ஒரு காலை ஊன்றி நிற்கவில்லை. "யம்மா, யப்பா" என்று நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டிருந்தார்கள்.

மழை அந்தப் பெண்ணுக்காக அழும். வெயில் யாருக்காகவும் எதுவும் செய்யாது. அப்படிப்பட்ட தரையில் ஒருத்தி அசையாமல் நின்றால்?

"சார், மழை வேண்டாம்," என்றாள். "அவன் இறங்கிப் போறான். இவ செருப்பில்லாம நிக்கறா. பாதத்தை மட்டும் காட்டுங்க. அவ காலை மாத்தக் கூடாது."

மனைவியாக நடிக்கும் ஷண்முகப்ரியா பதறினாள். "அடிப்பாவி, என் கால் வெந்துடும்!"

அதற்கும் வழி இருந்தது. லாரித் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஓரிடத்தில் ஊற்றினார்கள். ஊறிய ஓடு கறுத்துக் குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஈரம் போய்ப் பழைய நிறம் வந்துவிட்டது. ஆனால் சூடு அவ்வளவு சீக்கிரம் ஏறவில்லை. பார்வைக்குக் கொதிக்கும் தரை, பாதத்துக்கு வெதுவெதுப்பு. அந்த இடைவெளி போதும். எவ்வளவு அழகாக ஒத்துழைக்கிறது இந்த ஓடு என்று அஸ்வினி வியந்தாள்.

கேமரா ஓடியது. கணவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. வெள்ளை வெயிலில் இரண்டு பாதங்கள். ஒரு விரல்கூட அசையவில்லை. வாளி ஊற்றியவர்களே மானிட்டர் திரையைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாம்மா நீ, நெழலுக்கு வாம்மா!" என்று கத்திவிட்டார் முனியன்.

ஒலிப்பதிவு கெட்டுப்போயிற்று. ஷரஃபுதீன் திரும்பி முனியனை முறைத்தார். பிறகு கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கலாம். இந்த டேக் ஓகே," என்றார்.