கடைசி வாங்கு

எண்பத்தெட்டாம் ஆண்டு. பதுளைக் கடைவீதியில், துணிக்கடையின் மேல்மாடியில் ஹுமைத் சார் கம்ப்யூட்டர் வகுப்புத் தொடங்கியபோது ஒரே ஒரு இயந்திரம்தான் இருந்தது. அதன் முன்னால் உட்கார மூன்று நீள வாங்குகளைப் போட்டார். நன்றாகத் தெரிந்தவர்கள் முதல் வாங்கில், கொஞ்சம் தெரிந்தவர்கள் நடுவில், ஒன்றும் தெரியாதவர்கள் கடைசியில்.

"யார் எங்க இருக்கிறதுண்டு நான் சொல்லமாட்டேன். அவங்கவங்க அளவ அவங்கவங்களே பாத்துக்கங்க."

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பாக்கியலெட்சுமி கடைசி வாங்கில் உட்கார்ந்தாள்.

"கம்ப்யூட்டர் எவ்வளவு தெரியும் புள்ள?" என்று கேட்டார் சார்.

"இங்கயிருந்து பாதிதான் சார் தெரியுது. இவரு தல மறைக்குது."

வகுப்பே சிரித்தது. முதல் வாங்கில் இருந்த இப்றாஹீம் தலையைத் தடவிக்கொண்டான்.

மாதங்கள் போயின. தன் முறை வரும்போது அவள் கடிதம் அடித்தாள், அச்செடுத்தாள், பிளாப்பியில் பிரதி எடுத்தாள். ஆனால் எப்போதாவது திரையில் 'பேட் கமாண்ட்' என்று வந்துவிடும். பேட் என்றால் மோசம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா திட்டாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் அது. இயந்திரமே மோசம் என்று சொல்லிவிட்ட பிறகு முன்னால் போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

சந்தேகம் வரும்போதெல்லாம் நடு வாங்கு லரீபா அவளிடம்தான் திரும்புவாள். கேட்டு முடித்ததும் கேலியும் செய்வாள்: "ஏன் புள்ள, அந்த வாங்க வெலைக்கு வாங்கிட்டியா?"

ஒரு சனிக்கிழமை சார் சொன்னார்: "வகுப்புக்கு உதவிக்கு ஒரு ஆள் வேணும். சம்பளம் இருக்கு. முதல் வாங்குல இருக்கிற ஆக்கள்லதான் எடுப்பேன்."

பாக்கியலெட்சுமி வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்தாள். திங்கட்கிழமை காலை, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கொழுந்து பறிக்க அவள் பெயரைக் கொடுப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

சார் எதையோ காட்டுவதற்காகத் தட்டினார். 'பேட் கமாண்ட்' என்றது திரை. அவர் முகம் மாறவே இல்லை. விட்டுப்போன எழுத்தைச் சேர்த்து மறுபடி தட்டினார்.

"சார், அது உங்களையுமா திட்டுது?" அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"திட்டுறதா? நாம எழுதினது அதுக்கு வெளங்கல்ல, அவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு நாளும் சொல்லும்."

அவள் தலை குனிந்து, தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அடித்த கடிதங்கள். லரீபா கேட்ட கேள்விகள், சொன்ன பதில்கள். யாரோ ஒருத்தி செய்தவை போலத் தோன்றின. அந்த ஒருத்தி கடைசி வாங்கில் இருக்க வேண்டியவள் அல்ல.

எழுந்து முன்னால் நடந்தாள்.

"வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான் இப்றாஹீம்.

"வழி இப்பத்தாங்க தெரிஞ்சுது. கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

முதல் வாங்கில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ஒரு கடிதத்தை அடித்து, பிரதியெடுத்து, அச்செடுக்கச் சொன்னார் சார். அவள் முறையில் 'பேட் கமாண்ட்' வந்தது.

"எதுடா ஒனக்கு வெளங்கல?" என்று இயந்திரத்தையே கேட்டாள். எழுத்துகளை நிதானமாகப் பார்த்தாள். ஒன்றைத் திருத்தினாள். அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடியது.

சார் தாளைக் கிழித்து எடுத்து, கடைசி வரிவரை வாசித்தார்.

"திங்கக்கிழம காலையில வந்துருங்க."

"ஏய் புள்ள!" நடு வாங்கிலிருந்து லரீபா கத்தினாள். "இப்ப முழுசாத் தெரியுதா?"

"எனக்குத் தெரியுது. இனிமே ஒனக்குத்தான் என் தல மறைக்கும்!"