வரிசையில் நின்றவர்களின் வாக்குமூலங்கள்

பெய்ஜிங்கில் ஒரு கலை ஆவணக் காப்பகத்தில் நான் வேலை பார்க்கிறேன். எண்பதுகளில் கிளம்பிய எங்கள் புதுக் கலைஞர்கள் விட்டுவைத்த கடிதங்கள், அழைப்பிதழ்கள், புகைப்படங்கள், நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் வாங்கி, தூசி தட்டி, எண் போட்டு அடுக்குவது என் பணி. அங்கே உண்மைக்குத் தட்டுப்பாடே கிடையாது. ஒரே சம்பவத்துக்கு மூன்று, நான்கு உண்மைகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும்.

2017இல் ‘வரிசை’ நிகழ்வுக்கு முப்பது வயது. அதற்காக ஒரு கண்காட்சி வைக்க எங்கள் இயக்குநர் மியாவ் முடிவெடுத்தார்.

நடந்தது இவ்வளவுதான். 1987 டிசம்பரில் தாய்யுவான் நகரத்தில், ஒரு தொழிலாளர் பண்பாட்டு மாளிகையின் பின்புறம், பூட்டிக் கிடந்த கிடங்குக் கதவுக்கு முன்னால் மூன்று பேர் காலை ஏழு மணிக்கு ஒருவர் பின் ஒருவராகப் போய் நின்றார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட்டுப் பிறகுதான் எதற்கென்று விசாரிப்பார்கள். எட்டு மணிக்கு இருபது பேர் சேர்ந்தார்கள். பதினொரு மணிக்கு இருநூறு பேர். முன்வரிசையில் வாளைமீன் போடுகிறார்கள் என்று பேச்சு. நடுவில் அது தையல் மெஷின் ஆகி, வாலில் கலர் டிவியாக வளர்ந்திருந்தது. கடைசியில் மாளிகையின் பாதுகாப்புப் பிரிவு எழுத்தர் துவான் ஜின்சுவோ ஓடிவந்து, கூட்டத்தைச் சமாதானப்படுத்துவதற்காகப் பூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு துடைப்பம் இருந்தது. ஜனங்கள் அறிவிப்புப் பலகைக் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

இன்று அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. பாடத்தில் இரண்டு பெயர்கள்: சியு போலின், ஹாவ் ஜான்பெங். சியு இப்போது நகருக்கு வெளியே ஒரு பழைய தொழிற்சாலை முழுவதையும் ஓவியக்கூடமாக வைத்திருப்பவர். ஹாவ் கலைக் கல்லூரிப் பேராசிரியர். இருவரும் இருபது வருடங்களாக ஒரே மேசையில் உட்கார்வதில்லை. இருக்கும் ஒரே புகைப்படத்தில் மூன்றாவதாக, கழுத்துத் துண்டால் முகத்தை மூடிய ஒருத்தி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிவாள்.

“அது யாரு சார்?” என்று சியுவிடம் கேட்டேன். என்னை அவர் ‘சின்ன ஷுவே’ என்றுதான் கூப்பிடுவார்.

“அதுவா... வெந்நீர் ஃபிளாஸ்க் கொண்டுவந்த பொண்ணு. பேர் ஞாபகமில்ல, சின்ன ஷுவே. யோசனை என்னோடது, அத எழுதிக்க.”

ஹாவிடம் கேட்டேன். “ஃபிளாஸ்க் பொண்ணு. அவ கெடக்கட்டும். சியு என்ன சொன்னான்? தன்னோட யோசனைன்னானா? அவனுக்கு யோசனையா? அவனுக்குத் தாடி மட்டும்தான் சொந்தம், எழுதிக்கோ.”

ஒரு வாரத்தில் சியுவின் உதவியாளர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். ‘வரிசை: திட்ட வரைபடம், நவம்பர் 1987’. மஞ்சள் பாரித்து, மடிப்பில் கிழிந்து, பார்த்தாலே கண்ணீர் வரும் நிலையில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், நல்ல பூஅர் தேநீர் வாசனை. கீழ் ஓரத்தில் ஒரு தங்கும் விடுதியின் இணையதள முகவரி பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் இருந்தது.

ஹாவ் ஒரு நாட்குறிப்பு அனுப்பினார். அதில் நிகழ்வுக்கு முந்தைய நாள் பதிவு இப்படி முடிந்தது: ‘நாளை நான் செய்யப்போவது சீனக் கலை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக அமையும்.’

இரண்டையும் இயக்குநர் மேசையில் வைத்தேன். மியாவ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனிதர், யார் சொன்னாலும் தலையாட்டிவிடுவார். அதனாலேயே இயக்குநர் ஆனவர்.

“ரெண்டையும் வை.”

“ரெண்டுமே பொய் சார்.”

“பொய்னு நாம எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் நம்ம ஆலோசனைக் குழுவுல இருக்காங்க. நீ ஒண்ணு பண்ணு. தாய்யுவான் போயி வேற ஏதாவது கெடைக்குதா பாரு. யார் மனசும் நோகாத மாதிரி ஏதாவது.”

போனேன். பண்பாட்டு மாளிகையை இடித்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் நின்ற அடுக்குமாடியின் காவலாளியிடம் விசாரித்ததில், எழுத்தர் துவான் இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருப்பது தெரிந்தது. எழுபத்தெட்டு வயது, நிமிர்ந்த முதுகு. சட்டைப்பையில் இன்னும் சிவப்புப் பென்சில் செருகியிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து உள்ளே போய், நாடா கட்டிய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். இடிக்கும்போது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார்களாம், இதை மட்டும் தர மறுத்துவிட்டாராம்.

“ரெண்டு நாள் கழிச்சு மூணு பேரையும் கூப்பிட்டு ஒக்கார வச்சு சுயவிமர்சனம் எழுத வச்சேன்மா. தப்பு செஞ்சவங்க எழுதணும், அதான் அப்ப வழக்கம். மத்த பிரிவுல எல்லாம் என்ன எழுதினாலும் வாங்கி வச்சுக்குவாங்க. நான் அப்படியில்ல. மனசுல பட்டாதான் கையெழுத்துப் போடுவேன்.”

கோப்பைப் பிரித்தேன். என் பதினோரு வருட வேலையில் அப்படி ஒரு ஆவணத்தைப் பார்த்ததில்லை.

சியு போலின், முதல் படி: ‘இந்த யோசனை என்னுடையதல்ல. குளிருக்கு ஒதுங்கிக் கதவருகே நின்றேன். எனக்குப் பின்னால் மற்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது.’ ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் துவான்: ‘குளிருக்கு ஒதுங்குபவன் வெட்டவெளிக் கதவிடம் ஏன் போகிறான்? ஆழம் போதாது. திரும்ப எழுது.’

இரண்டாம் படி: ‘யோசனை தோழி லியென் ஷுஃபென்னுடையது. அவர் கூப்பிட்டார், போனேன்.’ சிவப்பில்: ‘கூப்பிட்டால் போய்விடுவதா? மூளை எங்கே? திரும்ப எழுது.’

மூன்றாம் படியில் தன் மூளை எங்கே என்று ஒன்றரைப் பக்கத்துக்கு ஆராய்ந்திருந்தார். நான்காம் படியில், கலை என்று சொல்லத்தக்க எதையும் இனி வாழ்நாளில் செய்யமாட்டேன் என்று உறுதிமொழி. அதன் கீழே: ‘நன்று. ஏற்கப்பட்டது.’

ஹாவ் ஜான்பெங் இரண்டே படிகளில் தேறியிருந்தார். முதலில் யோசனை சியுவுடையது என்று எழுதி, ‘ஆதாரம்?’ என்று சிவப்பில் கேட்டதும், இரண்டாவதில் லியென் ஷுஃபென்னுடையது என்று மாற்றிக்கொண்டார். சீனக் கலை வரலாற்றின் திருப்புமுனை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவது தாள் அரைப் பக்கம்தான். ‘யோசனை என்னுடையது. நான் தானியக் கடையில் வேலை செய்கிறேன். ஒருவர் சும்மா நின்றால் பைத்தியம் என்று போய்விடுவார்கள். இருவர் நின்றால் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். மூவர் நின்றால் நான்காவது ஆள் தானாக வருவார். தினமும் பார்க்கிறேன். அதனால் மூன்று பேர் போதும் என்று இவர்களிடம் சொன்னேன். கண்ணாடி உடைந்ததற்கு வருந்துகிறேன். வரிசைக்கு வருந்தவில்லை. லியென் ஷுஃபென்.’ சிவப்பில்: ‘தெளிவாக இருக்கிறது.’

“இவங்கள என்ன செஞ்சாங்க ஐயா?”

“பசங்க ரெண்டு பேரையும் விட்டாச்சு. அந்தப் பொண்ணை மேல இருக்கறவங்க கவுன்டர்லேருந்து எடுத்து, ஊருக்கு வெளிய மாவுக் கிடங்குல போட்டாங்க. ரெண்டு வருஷம் மூட்டை தைச்சா. நான் ‘தெளிவா இருக்கு’ன்னுதான் எழுதினேன். வேற என்ன எழுதணும்னு எனக்குத் தெரியல.”

லியென் ஷுஃபென்னைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஊரில் பாதிப் பேரின் கைபேசியில் அவள் எண் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரின் சீட்டுக்கோ, பள்ளிச் சேர்க்கைக்கோ, புதிதாகத் திறந்த இனிப்புக் கடைக்கோ, உங்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்க ஆள் அனுப்புவது அவள் தொழில். பணி ஓய்வு பெற்ற பதினாறு பேர், மடக்கு நாற்காலிகளோடு அவளிடம் வேலை செய்கிறார்கள். நான் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“நாற்காலியை வச்சுட்டு டீ குடிக்கப் போனியா? நாற்காலிக்கா டாக்டர் வைத்தியம் பாக்கப்போறாரு?”

என்னைப் பற்றிச் சொல்லி, நகலை நீட்டினேன். நின்றவாறே படித்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

“என் கையெழுத்து எவ்ளோ அழகா இருந்திருக்கு பாரேன்!”

“அக்கா, புத்தகத்துல எல்லாம் உங்கள வெந்நீர் கொண்டுவந்த பொண்ணுன்னு எழுதியிருக்காங்க.”

“பொய்யில்லையே. ஃபிளாஸ்க்கும் நான்தான் கொண்டுபோனேன். அந்த ரெண்டு பேருக்கும் அதுகூடத் தோணல.”

பெய்ஜிங் திரும்பி, துவான் இரவலாகக் கொடுத்தனுப்பிய கோப்பை இயக்குநரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கதவைச் சாத்தினார். “யார் மனசும் நோகாததாத்தானே கேட்டேன்?” என்றார். ஆனாலும் அவர் ஆவணக்காரர். தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் படித்தார். “அசல்” என்று முணுமுணுத்தார். பிறகு, காட்சிக்கு வைக்க மூவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும், வாங்கி வா என்றார்.

சியு கோபத்தில் கத்துவார் என்று தயாராகப் போனேன். நான்கு படிகளையும் மேசையில் பரப்பி வைத்தேன். முகம் வெளுத்தது. ஒரு நிமிடம், ஒரே நிமிடம்தான், இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் எனக்கெதிரே உட்கார்ந்திருந்தான். பிறகு தாடியைத் தடவினார்.

“சின்ன ஷுவே, இது என்ன தெரியுதா?”

“சுயவிமர்சனம் சார்.”

“இல்ல. இது படைப்பு! அதிகாரத்தோட மொழியைக் கையிலெடுத்து, அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கேன். நாலு படி. ஒரு தொடர். தலைப்பு வை: ‘ஆழம் போதாது’.”

“லியென் அக்காவைக் காட்டிக் கொடுத்திருக்கீங்களே சார்?”

“அது ஒரு பாத்திரம்மா. கற்பனைப் பாத்திரம்.”

சம்மதப் படிவத்தில் கையெழுத்தோடு, நான்கு தாளுக்கும் அசல் படைப்புச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். செய்தி மாலைக்குள் ஹாவின் காதுக்கு எட்டியது. தன்னுடையவை இரண்டே படியானாலும், சுருக்கம்தான் தன் அழகியல் என்று அவர் தகவல் அனுப்பினார். மறுநாள் தாய்யுவானிலிருந்து துவான் கூப்பிட்டார்.

“அந்த சிவப்பு எழுத்து யாரோடது? என்னோடது. நான் திருப்பி அனுப்பலைன்னா நாலு படி எங்கேருந்து வந்திருக்கும்? என் பேரையும் போடணும்.”

லியென் அக்கா மட்டும், ஃபோனில் கேட்டபோது, சம்மதம் தர யோசித்தாள்.

“என்னோடதை மாட்டிக்கோ, எனக்கொண்ணுமில்ல. அவங்க ரெண்டு பேரோடதையும் மாட்டாத. சின்னப் பசங்க, பயந்துபோய் எழுதினது. ஒருத்தர் பயத்தை செவுத்துல மாட்டி வேடிக்கை பாக்கறது நல்லாயில்ல.”

“அவங்களே மாட்டச் சொல்லி அடம் பிடிக்கிறாங்க அக்கா.”

“அப்படியா,” என்றாள். “அப்போ மாட்டு.”

குறிப்பட்டை எழுதுவதில் பதினேழு நாள் போனது. ‘யோசனை: லியென் ஷுஃபென்’ என்று நான் எழுதினேன். ‘கூட்டு முயற்சி’ என்று சியு திருத்தினார். ‘ஹாவ் ஜான்பெங் முதலியோர்’ என்று ஹாவ் திருத்தினார். கடைசியில் இயக்குநர், வாழ்க்கையில் முதல்முறையாக, யாரையும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார்: ‘யோசனை: லியென் ஷுஃபென் (மூவரின் எழுத்துமூல வாக்குமூலப்படி)’. மூவரில் இருவர் அது கற்பனை என்றாலும், கையெழுத்துப் போட்டது அவர்கள்தானே.

திறப்பு விழாவுக்கு லியென் அக்கா நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். துவான் ஐயா முந்தியே வந்து, தன் சிவப்புக் குறிப்புகளுக்கு முன்னால் நின்று, மாணவிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “இங்க பாருங்க, இந்தக் கேள்விக்குறியை நான் வேணும்னே பெரிசாப் போட்டேன்.” அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சியு வந்தார். லியெனைக் கண்டதும் நின்றுவிட்டார். மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசக்கூடியவர் திக்கினார்.

“ஷுஃபென்... அன்னைக்கு ரெண்டாவது தடவை எழுதறப்போ... உன் பேரைப் போட்டுட்டேன்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்? இப்பவா?”

“அன்னைக்கே. துவான் ஐயா உள்ள படிச்சுக்கிட்டிருந்தாரு, நான் வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்தேன். அவருக்குப் படிக்கறப்போ சத்தம் போட்டுத்தான் படிக்க வரும்.”

சியுவின் கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் புகைப்படக்காரர் ஒருவர், “சார், உங்க தொடர் முன்னால ஒண்ணு!” என்று கூப்பிட, கண்ணைத் துடைத்தார், தலைமுடியைச் சரிசெய்தார், போய் நின்றார்.

லியென் அக்கா விருந்துக்கு இருக்கவில்லை. மேற்கு ரயில் நிலையம் வரை நான் கூடப் போனேன். சுரங்க ரயிலில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றோம். வெகுநாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததை அங்கே கேட்டேன்.

“அக்கா, அவங்க ரெண்டு பேரும் பொய் சொன்னாங்க. நீங்களும் சொல்லியிருக்கலாமே? தண்டனை வரும்னு தெரியாதா?”

“தெரியாம என்ன. எங்கப்பாவே சொன்னாரு, வாயை மூடிக்கோன்னு.”

“அப்புறம் ஏன்?”

ரயில் ஒரு நிலையத்தில் நின்றது, கூட்டம் ஏறியது. அவள் என் பக்கம் நெருங்கி நின்றுகொண்டாள்.

“இருநூறு பேர்டீ. கண்ணு முன்னால. ஒண்ணுமே இல்லாத கதவுக்கு. எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமே வரல, சந்தோஷத்துல. யாராவது வந்து இது யாரோட யோசனைன்னு கேக்கமாட்டாங்களான்னு தவிச்சுக்கிட்டே இருந்தேன். வேற யாரும் கேக்கல. துவான் ஐயாதான் கேட்டாரு. சொன்னேன்.”

சொல்லிவிட்டு, தோள்பையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தம் எத்தனையாவது என்று கதவுக்கு மேலிருந்த வரைபடத்தில் தேட ஆரம்பித்தாள்.