வெயிலை மறக்காத தோல்

போட்டோ ஸ்டூடியோக்காரரின் மகள்மேல் விழுந்த வெயில் விழுந்தபடியே நின்றுவிட்டது. கைக்குழந்தையை ஒரு காலையில் ஜன்னலோரம் கிடத்தியிருந்தார்கள். கன்னத்தில் கம்பிகளின் நிழல் வெள்ளைக் கோடுகளாக நிற்க, மற்ற இடமெல்லாம் கருத்துப்போனது. பிறகு முழங்கையில் கொடியில் காய்ந்த சட்டை ஒன்று, கழுத்தில் ஒரு காக்கை. அலகுகூடத் தெளிவாக இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எல்லார் உடம்பையும் வெயில் அன்றாடம் உள்ளுக்குள் கிழிக்கிறது, உடம்பே அதைத் தைத்துக்கொள்கிறது, இவளுடைய டி.என்.ஏ.வில் தைக்கிற ஆள் மட்டும் இல்லை என்றார் டாக்டர்.

தாய் அழுது ஓய்வதற்குள் ஸ்டூடியோக்காரர் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிவிட்டார். அதில் சிறிய கறுப்புக் கையுறைகள், கழுத்துவரை மூடும் கவுன், எல்லாம் போட்டுப் பழசானவை.

“இது யாரோடது?”

“எங்கக்காவோடது.”

அவருடைய அக்கா சிறுவயதில் ஆற்றில் போய்விட்டாள் என்றுதான் கல்யாணத்தின்போது சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, கணவரை ஆற்றுப் பக்கமே போகவிடாமல் காத்து வந்தவள் இவள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு மட்டும் போட்டாள், தட்டு அதிரும்படி.

மகள் நடக்கத் தொடங்கியபின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். “ஒரு பக்கத்தால மட்டும் இது வராதும்மா. ரெண்டு பேரும் கொடுத்திருக்கணும்” என்றார் அங்கிருந்த டாக்டர். அவள் அங்கிருந்து நேராகத் தாய்வீட்டுக்குப் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தவில்லை.

“எனக்கு ஒரு தம்பி இருந்தான்.”

“ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா உன்னை யாருடி கட்டியிருப்பா? அவங்க மட்டும் சொன்னாங்களாக்கும்.”

பெண் பார்க்க வந்த அன்று இரண்டு வீட்டாரும் ஏன் அத்தனை குளிர்ந்த முகத்தோடு இருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆளாளுக்கு மற்றவரை ஏமாற்றிவிட்ட நிம்மதி. அன்று இரவு கணவருக்குத் தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அவர் இன்னொரு கரண்டி கேட்டார்.

தன் தங்கைக்குச் சம்பந்தம் அமைந்தபோது, “மாப்பிள்ளைகிட்ட நம்ம விஷயத்தைச் சொல்லிடு” என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். சரிக்கா என்றாள் தங்கை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அத்தை வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு, “குழந்தை இல்லைன்னு மனசை விட்டுடாதம்மா” என்றாள். மேடையில் தங்கை மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மகளின் தோலில் வருஷங்கள் படம் படமாகச் சேர்ந்தன. எவ்வளவு மூடியும் வெயில் எங்காவது ஒரு நூல் வழி கண்டுபிடித்தது. படங்கள் புண்ணாயின, புண்கள் கட்டியாயின. வெயில் பதிய இடமில்லாமல் போன வருஷம் அவள் இறந்தாள். தங்கை வரவில்லை. வந்தால் கணவன் வீட்டில் யாருடைய சாவு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பிந்திய கோடையில் ஒரு நண்பகல் தங்கை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் இருந்த குழந்தையை முந்தானையால் முழுக்க மூடியிருந்தாள். அக்கா துணியை விலக்கிப் பார்த்தாள். நெற்றியில் ஒரு வேப்பிலைக் கொத்து, நரம்பு நரம்பாக.

“அவங்களும் சொல்லலக்கா” என்றாள் தங்கை.

“வெயில்ல நிக்காத, உள்ள வா” என்றாள் அக்கா.