ஏதோ ஓடுது, ஆண்ட்டி

என் மனைவி ரெனிதா இறந்த பிறகு எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வண்டி ஓடுதா?" நானும் "ஏதோ ஓடுது" என்பேன். பேச்சு முடிந்துவிடும்.

லிஃப்டில் வரலட்சுமி ஆண்ட்டியும் அதையே கேட்டார். மேனாம்பேட்டில் எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் அவர்.

"ஏதோ ஓடுது, ஆண்ட்டி."

மாலையில் வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்தது. பி பிளாக் ரிச்சர்டின் கோ-கார்ட் ஓடும் நிலையில் இருப்பதாக அவரே உறுதி செய்துள்ளார். ஞாயிறு காலை ஓட்டிக் காட்டுவார். பார்க்கிங்கில் ஓடாத வண்டிகள் அனைத்தும் அன்றே காயலான் கடைக்கு அனுப்பப்படும். கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

ரிச்சர்ட் நான்தான். ஆண்ட்டி கேட்டது அந்த வண்டியை.

அது ரெனிதா கட்டியது. இரும்புக் குழாய்களை அவளே வெல்டிங் செய்தாள். நான்கு சக்கரம், ஸ்டியரிங், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட். மோட்டார் மட்டும் பாக்கி. அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அவளுடைய புடவைகளை அவள் அம்மா எடுத்துப் போனார். எனக்கு இருப்பது இது.

சனிக்கிழமை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் பழைய மோட்டார் விற்கும் ஜீவாவிடம் போனேன்.

"இன்னாத்துக்கு மோட்டாரு?"

"கோ-கார்ட்டுக்கு."

"கோயில் தேரா?"

"இல்லண்ணே. சின்ன கார் மாதிரி."

முதலில் கிரைண்டர் மோட்டாரை எடுத்து வைத்தார்.

"இது ஓடுமா?"

"பிளக் பாயிண்ட் எது வரிக்கும் கீதோ, அது வரிக்கும் ஓடும்."

அடுத்தது டிரெட்மில் மோட்டார். "சேட்டு ஊட்டுது. வாங்கி ஒரு நாளு கூட அவுரு ஓடல. புதுசு மாரி கீது." கடைசியாகப் பேட்டரி ஆட்டோவில் இருந்து கழற்றிய ஒன்று.

வண்டியின் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"எத்தினி பேரு குந்துவீங்க? ஒரு ஆளுன்னா டிரெட்மில்லே போதும்."

படத்தில் சீட் இரண்டு இருந்தது.

"ரெண்டு பேர்."

"அவங்க வெயிட்டு?"

"அம்பத்திரண்டு கிலோ."

"அப்ப ஆட்டோ மோட்டாருதான். ஆனா பாரு மாமே, செயினு அவங்க சீட்டுக்குப் பின்னாடி சக்கரத்துக்குத்தான் போவுது. அவங்கள ஏத்திக்கினாத்தான் ஓடும். நீ தனியா குந்தினா சக்கரம் சும்மா சுத்தும்."

"சரி" என்றேன்.

மோட்டாரையும் பேட்டரியையும் சாயங்காலம் அவரே வந்து மாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை கமிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. காயலான் கடைக்காரர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு கேட்டில் நின்றார். பெடலை அழுத்தினேன். பின்சக்கரம் டைல்ஸ் மேல் வேகமாகச் சுற்றியது. வண்டி அசையவில்லை.

"சக்கரம் ஓடுது. வண்டி ஓடலையே" என்றார் பொருளாளர் பச்சையப்பன்.

"அந்தப் பக்கம் அம்பத்திரண்டு கிலோ வேணும் சார்."

யார் உட்காருவது என்று கமிட்டி கூடிப் பேசியது. ஒருவரும் தன் எடையைச் சொல்லத் தயாராக இல்லை. கடைசியில் வரலட்சுமி ஆண்ட்டி வாட்ச்மேனைத் தன் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு அரிசி மூட்டைகள் வந்தன. தலா இருபத்தாறு கிலோ பொன்னி. பக்கத்து சீட்டில் ஒன்றின் மேல் ஒன்று. நான் பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

வண்டி ஓடியது. ஏ பிளாக்கைச் சுற்றி, தண்ணீர் சம்ப்பைத் தாண்டி, ஜெனரேட்டர் பக்கமாகத் திரும்பி வந்தேன். திருப்பத்தில் மேல் மூட்டை என் தோளில் சாய்ந்தது.

"ஓடுது" என்று பச்சையப்பன் அறிவித்தார். கமிட்டி கை தட்டியது. காயலான் கடைக்காரர் மீன்பாடி வண்டியைத் திருப்பினார்.

ஆண்ட்டி அருகில் வந்தார். "ரொம்ப சந்தோஷம்பா. அரிசிய இறக்கிடலாமா? உலை வெக்கணும்."

"இன்னும் ஒரு ரவுண்டு, ஆண்ட்டி."