முப்பது வாட்

டிரைவிங் மாஸ்டரின் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாண்களில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. இருபது வருடமாகப் பகலெல்லாம் "கிளட்ச், கிளட்ச்ச விடாதே" என்று கத்திய தொண்டை அது. சாயங்காலமாவது ஓய்ந்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. வீட்டு மாடியில் ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, கடல் தாண்டி இருப்பவர்களிடமும் கத்தியது.

"மூணு மாசம் போதுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள் அவர் மனைவி.

பேசாமல் ரேடியோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் வாய்க்கு வேலை இல்லை. எழுத்தை விசில் சத்தமாக்கி அனுப்பும். எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் அதை மறுபடி எழுத்தாக்கிக் காட்டும். பதினைந்து விநாடி நம் முறை, அடுத்த பதினைந்து விநாடி அவர்கள் முறை. இந்த டிஜிட்டல் சமாசாரத்துக்கு எந்த ரேடியோ, எந்த இணைப்புப் பெட்டி, எந்த ஏரியல் வாங்கலாம் என்று ஹாம் கிளப்பில் யார் கேட்டாலும் மாஸ்டர் இரண்டு மணி நேரம் விளக்குவார். அவரிடம் அதில் ஒன்றும் கிடையாது, ஒரு நாளும் தொட்டதும் கிடையாது என்பது வேறு விஷயம். கரையில் நின்றபடியே பன்னிரண்டு பேருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் அவருடைய மச்சினன், நாலு தெரு தள்ளிச் சாவிக் கடை வைத்திருப்பவன். மூன்று வருடத்துக்கு முன் மாஸ்டர் சொன்ன ரேடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான். மூன்றாம் நாளே அது கருகிப் போயிற்று. "குரங்கு கையில பூமாலையக் குடுத்த கதைதான்" என்றார் மாஸ்டர், கிளப்பில் எல்லார் முன்னாலும். அன்றோடு மச்சினன் இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை, அக்காவோடும் பேச்சை நிறுத்திக்கொண்டான். தம்பிதான் எதையோ கெடுத்துவிட்டு ரோஷப்படுகிறான் என்று அவளும் நம்பிவிட்டாள். ஆனால் அவனுடைய பிறந்தநாள் அன்று அவள் போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருப்பதை மாஸ்டர் மூன்று தடவை பார்த்திருக்கிறார்.

இப்போது தனக்கே ரேடியோ வாங்க வேண்டியிருந்ததால், பேசாமல் இரண்டு வாரம் ஓட்டிய பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அவர் நோட்டில் எழுத, அவள் படித்துக் கேட்டாள்.

"இணைப்பு ரேடியோவுக்குள்ளயே இருக்கறது நல்லதா, தனிப் பெட்டி போட்டுக்கறதான்னு கேக்கறார்."

"உள்ளயே இருக்கறது போதும்மா. வயரும் கம்மி, வம்பும் கம்மி" என்றார் கடைக்காரர்.

தனிப் பெட்டியின் பெருமையை வருடக்கணக்காகப் பாடியவர் மாஸ்டர். மறுத்து நோட்டில் அரைப் பக்கம் எழுதி நிமிர்வதற்குள் கடைக்காரர் சாமானைக் கட்ட ஆரம்பித்திருந்தார். வாய் இல்லாதவன் வழக்கு இவ்வளவுதான்.

முடிச்சுப் போட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு மறந்துடாதீங்க. இது நூறு வாட்டு ரேடியோ. ஆனா டிஜிட்டல்ல முப்பதுக்கு மேல வைக்காதீங்க. பேசும்போது நாம நடுவுல மூச்சு வாங்குவோம், ரேடியோவும் கொஞ்சம் ஆறிக்கும். இது மூச்சே விடாம ஊதும். நூறுல வெச்சா ரெண்டு மூணு நாள்ல உள்ள வெந்துடும்."

மனைவி நிதானமாகத் திரும்பினாள். "இத என் தம்பிகிட்ட சொன்னீங்களா?"

இரண்டு மணி நேரத்தில் வயரின் நிறம் வரைக்கும் சொன்னவர், இதைச் சொல்லவில்லை. 'நூறு வாட்டு இருக்கு, தாராளமா வெச்சுக்கோ' என்று சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. ரேடியோ கருகிய அடுத்த வாரமே ஏதோ புத்தகத்தில் படித்துக் காரணத்தையும் தெரிந்துகொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மூன்று வருடம் ஓட்டியாயிற்று. மாஸ்டர் பரிதாபமாகத் தன் தொண்டையைச் சுட்டிக் காட்டினார்.

"தொண்டைய விடுங்க. தலைய ஆட்டலாம் இல்ல?"

சொல்லவில்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் சொன்னாள். "அவன்கிட்ட நீங்களே சொல்லணும். டாக்டர் பேசத்தான் கூடாதுன்னார். எழுதக் கூடாதுன்னு சொல்லல."

மாஸ்டர் எழுதிப் பார்த்தார். ஐந்து நாளில் மூன்று கடிதம். ஒவ்வொன்றும் நாலு பக்கம். ஏரியல், வெயில், மின்சாரம் எல்லாவற்றின் குற்றமும் அலசப்பட்டு, அவர் குற்றத்துக்கு வருவதற்குள் தாள் தீர்ந்தது. மூன்றையும் கிழித்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது ரேடியோவை இணைத்து, முப்பது வாட்டில் வைத்து, யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாக அழைத்தார். அடுத்த முறையிலேயே திரையில் பதில் விழுந்தது. ஹாம்காரர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஓர் அழைப்புக் குறி கொடுத்திருக்கும். திரையில் இருந்தது மச்சினனுடையது; கருகிய ரேடியோவை எப்போதோ சரிசெய்துவிட்டான் போலிருக்கிறது.

கம்ப்யூட்டருக்குக் குடும்பச் சண்டை தெரியாது. மாஸ்டரைக் கேட்காமலே, உங்கள் சிக்னல் பிரமாதம் என்று அனுப்பியது. அங்கிருந்தும் பிரமாதம் என்று வந்தது. நாலு தெருவுக்கு வேறு எப்படி இருக்கும்? நன்றி, வணக்கம் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ஆனால் இதில் ஒன்று மட்டும் தானாக நடக்காது. யாருக்குப் பதில் சொல்வது என்று ஒரு மனிதன் பார்த்து, அந்தக் குறிமேல் மவுஸை அழுத்த வேண்டும். அவன் அழுத்தியிருக்கிறான். மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது.

சொந்தமாகச் சேதி அனுப்பவும் ஒரு கட்டம் உண்டு. இடைவெளியும் சேர்த்து ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்துதான் கொள்ளும். மாஸ்டர் தமிழை ஆங்கில எழுத்தில் வேகமாகத் தட்டினார். 'அன்னைக்கு நான்' என்பதோடு கட்டம் நிறைந்தது. அதற்குள் முறை வந்துவிட, கம்ப்யூட்டர் அதை அப்படியே அனுப்பிவிட்டது.

பதினைந்து விநாடி. பதில் இல்லை. ஆரம்பிச்சுட்டார்யா என்று அவன் எழுந்து போயிருப்பான். மாஸ்டர் கட்டத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார்.

'தப்பு என்னுது.'

அதற்குமேல் இடமும் இல்லை, சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை பதில் வந்தது.

'அக்கா சொன்னாளா?'

நானாகத்தான் சொல்கிறேன் என்று எழுதிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள். விரல் அந்தப் பக்கம் போகவும் செய்தது. பிறகு மாஸ்டர் ஒரே சொல்லை அனுப்பினார்.

'ஆமா.'

ஒரு முறை போயிற்று, இரண்டு, மூன்று. திரை காலியாகவே இருந்தது. மாஸ்டர் ரேடியோவை அணைக்கப் போனபோது கீழே மனைவியின் போன் அடித்தது. "சொல்லுடா" என்ற அவள் குரல் பாதியில் உடைந்தது. பிறகு மாடிப்படி ஏறி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இங்கதாண்டா இருக்கார். நீ பேசு, மூணு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசு. இன்னும் பத்து வாரத்துக்கு அவரால நடுவுல ஒரு வார்த்தை பேச முடியாது."